எட்வர்ட் செய்த சண்டை விமானம்

மீஞ்சூரில் எட்வர்ட்டைத் தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது அவரிடம் முட்டாள் பட்டம் வாங்கியிருப்பார்கள். பால்காரன் ஒரு முட்டாள். தண்ணீர் கலப்பதில்கூட ஒரு நிதானம் கிடையாது, நேற்று ஒரு அளவு, இன்று ஒரு அளவு. சபைப் போதகர் பிரசங்கத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியாத முட்டாள். மின்சார ரயிலில் எதிர் சீட்டில் காலை நீட்டுகிறவன், வாசல் இரும்புக் கதவை வெல்டிங் வைத்துக் கோணலாக விட்டுப் போனவன், அதைப் பார்த்து "நல்லாத்தானே கீது" என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரன், எல்லாரும் அந்த ஜாபிதாவில் உண்டு. மனைவி ஞானம்மாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்தப் பட்டத்தோடுதான் முப்பது வருஷமாக அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்படிப் பேசுகிற மனுஷன் அப்படி என்னதான் கிழித்தார் என்று கேட்டால், கிழித்தார், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆரணிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்தவர். ஐ.டி.ஐ. படித்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி, பேர் இங்கே வேண்டாம், அங்கே டூல் ரூமில் சேர்ந்து முப்பத்தோரு வருஷம் இரும்பில் அச்சு வெட்டினார். உருகின பிளாஸ்டிக் அந்த அச்சுக்குள் போய் இறுகி, பக்கெட் மூடியாகவும் மிக்ஸியின் அடிப்பாகமாகவும் கார் கதவின் கைப்பிடியாகவும் வெளியே வந்து விழும். அவர் வெட்டின அச்சு ஒன்றுகூட இன்றுவரை திரும்பி வந்ததில்லை. அவர் அரம் பிடித்தால் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தப்பாது என்று அவரைப் பிடிக்காதவர்களே சொல்வார்கள். பிடித்தவர்கள் என்று யாரும் இல்லாததால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியாது.

அச்சு வெட்டுகிறவனுக்கு எல்லாமே திருப்பிப் போட்ட கணக்கு. பொருளில் மேடு வேண்டுமென்றால் இரும்பில் பள்ளம் வெட்ட வேண்டும். பொருளில் வலது பக்கம் வரவேண்டியதை இரும்பில் இடது பக்கம் வெட்ட வேண்டும். எழுத்தைக்கூடக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பித்தான் செதுக்க வேண்டும். எட்வர்ட்டுக்கு அது கைவந்த விஷயம். புதிதாக வந்த பயல்கள் கம்ப்யூட்டரில் போட்டுத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவர் பின்னால் நின்று, "நேரா வெட்டறதுக்கு எவன் வேணா வெட்டுவான். திருப்பி வெட்டறவன்தான்டா டூல் மேக்கரு" என்று மட்டம் தட்டிவிட்டுப் போவார்.

ஆனால் உள்ளே ஒரு எரிச்சல் இருந்தது. லட்சக்கணக்கான மூடிகள், கைப்பிடிகள், எல்லாவற்றின் அடியிலும் கம்பெனி பேர் இருக்கும். அந்தப் பேரைத் திருப்பிச் செதுக்கினவரே அவர்தான். அவர் பேர் எங்கேயும் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து திடீரென்று சொன்னார்.

"நாலு பேரு பாக்கற எடத்துல, நான் செஞ்சதுல, என் பேரு இருக்கணும் ஞானம். ஒரே ஒரு எடத்துல இருந்தா போதும்."

"கல்லறையில போடுவாங்கய்யா, கவலப்படாத" என்றாள் ஞானம்மா, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

அந்த வாரமே விமானத்தை ஆரம்பித்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் பறந்த ஹரிக்கேன் என்ற ஒற்றை ஆள் சண்டை விமானம். ஃபோனில் வெளிநாட்டுக்காரர்கள் செய்த மாடல்களைப் பார்த்துப் பார்த்து, ரசிப்பதற்குப் பதிலாகக் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்த ஆள் அவர். எல்லா மாடலும் தரையில் சக்கரத்தை ஊன்றி நிற்பதுதான் அவருக்கு ஆகவே ஆகாது. "நிக்கிற பிளேனு எதுக்குடா? அதுக்கு மீஞ்சூர் பஸ் ஸ்டாண்டுல போய் பஸ்ஸைப் பாக்கலாமே" என்பார். இவருடையது பறக்கிற விமானம். சக்கரங்கள் வயிற்றுக்குள் மடங்கியிருக்கும். இடது இறக்கை தாழ்ந்து, மூக்கு லேசாக எழும்பி, திரும்புகிற நேரத்தில் அப்படியே நிறுத்தி வைத்த மாதிரி இருக்கும். உள்ளே பைலட் தோளுக்குப் பின்னால் எதிரி வருகிறானா என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பான். வயிற்றுக்கு அடியில் ஒரே ஒரு எஃகுக் கம்பி தாங்கும். முன்னால் மூன்று இதழ் விசிறி நிஜமாகவே சுற்றும்.

நிஜத்தில் எட்டில் ஒரு பங்கு என்று அளவு வைத்தார். அதுவே இறக்கை ஐந்தடி. முன்னறைக் கட்டில் பின்னறைக்குப் போனது. சொந்தக்காரர்கள் வந்தால் இறக்கைக்கு அடியில் குனிந்துதான் உள்ளே வரவேண்டும், குனியாதவர்கள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வருவார்கள்.

"நான் சமையக்கட்டுக்குப் போறதுக்கு பாஸ்போர்ட்டு எடுக்கணுமா?" என்று ஞானம்மா கத்தினாள். அவர் காதில் வாங்கவில்லை. இறக்கையின் அலுமினியத் தகட்டில் ஒவ்வொரு ஆணித் தலையையும் ஊசியால் குத்திப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாயிரத்துச் சொச்சம் புள்ளிகள். சர்ச்சுக்குப் போவதை நிறுத்திவிட்டார். போதகர் வீடு தேடி வந்து, இறக்கையில் முட்டிக்கொண்டு, ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

விசிறியின் மூன்று இதழ்களையும் அலுமினியக் கட்டையிலிருந்து கையாலேயே இழைத்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. வாழ்நாளெல்லாம் அச்சு வெட்டினவர், பொருளையே நேராக வெட்டியது அதுதான் முதல் தடவை. வரைபடம்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அரம் தன்பாட்டுக்குப் போயிற்று. மூன்றையும் நிறுத்துப் பார்த்தபோது ஒரு மில்லிகிராம் வித்தியாசம் இல்லை. காயலான் கடையில் எடுத்த ஒரு பழைய கார் மோட்டாரை மூக்குக்குள் வைத்து, பைலட்டுக்கு வலப்பக்கமாகச் சுற்றும்படி ஒயர் கொடுத்தார், ஏனென்றால் நிஜ விமானத்தில் அப்படித்தான் சுற்றும். சுவிட்சைப் போட்டுவிட்டு, உடம்பு ஆடுகிறதா என்று பின்னால் போய் வாலைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம்கூட ஆடவில்லை.

ஞானம்மா சமையல்கட்டு வாசலில், மூக்குக்கு நேர் எதிரே வந்து நின்றாள். "ஏய்யா, குளுகுளுன்னு கீதே! என் டேபிள் ஃபேனு செத்து ஆறு மாசமாவுது. இத்தையே இங்க வெச்சிடேன்."

"காத்து வாங்கறதுக்காடி ரெண்டு வருசம் உயிரக் குடுத்தேன்? போய் உலையப் பாரு" என்றார் எட்வர்ட். அன்றைக்கு அவர் அவள் சொன்னதை ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஞானம்மா சொல்லி அவர் எதை யோசித்தார், இதை யோசிப்பதற்கு?

விஷயம் கம்பெனி வரைக்கும் போயிற்று. அங்கே புதிதாக ஒரு வரவேற்புக் கூடம் கட்டியிருந்தார்கள், கண்ணாடியும் கிரானைட்டுமாக. வெளிநாட்டுக் கஸ்டமர் ஒருவர் வரப்போகிறார். டூல் ரூம் திறமையைக் காட்டுகிற மாதிரி நடுவில் ஏதாவது வைக்கவேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஜெனரல் மேனேஜர், எல்லாரும் ஜி.எம். என்பார்கள், எட்வர்ட்டைக் கூப்பிட்டார். எட்வர்ட்டின் ஜாபிதாவில் ஜி.எம்.முக்குத்தான் முதல் இடம் என்பது ஜி.எம்.முக்குத் தெரியாது.

ஃபோனில் படத்தைப் பார்த்த ஜி.எம். முதலில் கேட்டது, "சக்கரம் எங்கய்யா?"

"பறக்கும்போது உள்ள மடங்கிடும் சார்."

"மடங்கினா சரி. ஆனா பார்க்க நொண்டி மாதிரி இருக்கே. ரெண்டு சக்கரம் வெச்சுடேன். இறக்கையில நம்ம கம்பெனி லோகோவும் போட்டுடலாம்."

எட்வர்ட்டுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இவனுக்கு எவன் மேனேஜர் வேலை கொடுத்தான் என்று நினைத்துக்கொண்டார். வெளியே சொன்னது வேறு. "சக்கரமும் இல்ல, லோகோவும் இல்ல சார். சும்மாவே தரேன். ஆனா அடியில பித்தளைத் தகட்டுல என் பேரு இருக்கணும். அவ்ளோதான்."

"பேர்தானே? போட்டுக்கோ, போட்டுக்கோ" என்றார் ஜி.எம்., ஈ ஓட்டுகிற மாதிரி கையை ஆட்டிக்கொண்டு.

தகட்டையும் எட்வர்ட்டே செதுக்கினார். மும்முரமாக வெட்டி முடித்து, தூசியை ஊதிவிட்டுப் பார்த்தால், பேர் திரும்பி இருந்தது. கண்ணாடியில் காட்டினால்தான் படிக்க வரும். முப்பத்தோரு வருஷப் பழக்கம். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதைத் தூக்கிக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டு, வேறொரு தகட்டில் நேராக வெட்டினார். 'செய்தவர்: த. எட்வர்ட், டூல் ரூம்.' தானே சிரித்துக்கொண்டார். தன்னைப் பார்த்துச் சிரிக்க அவருக்கு அவ்வளவுதான் தெரியும். அதற்கு மேல் ஒரு அடி யோசிக்கவில்லை.

செப்டம்பர் முப்பதாம் தேதி அவருக்குக் கடைசி வேலை நாள். மறுநாள் ஆயுத பூஜை விடுமுறை. ஆகையால் கம்பெனியில் அன்றைக்கே பூஜை. மதியத்தோடு வேலை முடிந்துவிடும். மூன்று மணிக்கு எட்வர்ட்டுக்கு வழியனுப்பு விழா: ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், முப்பத்தோரு வருஷம் அப்பழுக்கில்லாமல் வேலை செய்தார் என்று ஒரு சான்றிதழ். விமானத்தைக் காலையிலேயே குட்டியானை வண்டியில் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் நிறுத்தியாகிவிட்டது. தகடு பீடத்தில் இரண்டு ஸ்குரூவில் பளபளத்தது.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. கம்பெனியில் உள்ள எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தவர்கள், விமானத்துக்கும் வைத்தார்கள். பைலட் உட்கார்ந்திருக்கிற கண்ணாடி மூடி, எட்வர்ட் ஒரு மாசம் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கின மூடி, அதன் மேலேயே மூன்று விரலால் ஒரு பட்டை. உள்ளே பைலட் எதிரியைப் பார்க்க முடியாமல் சந்தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட் செக்யூரிட்டி அன்புசெல்வன் தாம்பாளத்தில் எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றான். ஃபோர்க்லிஃப்ட், லாரி, ஜி.எம். கார், எல்லாவற்றின் சக்கரத்துக்கு அடியிலும் வைத்தாயிற்று. இதற்குச் சக்கரம் இல்லையே, எங்கே வைப்பது? விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"அண்ணே, வீலு எங்கண்ணே?"

"உன் தலையில கீது" என்றார் எட்வர்ட்.

கடைசியில் பழத்தை நூலில் கட்டி மூக்கில் தொங்கவிட்டார்கள். எட்வர்ட் பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிய்த்துப் போட்டார். இந்த மடையன்களுக்கு மத்தியில் முப்பத்தோரு வருஷம் ஓட்டியாயிற்று, இன்னும் மூன்று மணி நேரம் ஓட்ட முடியாதா என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஜி.எம். சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. கூடத்தில் ஏ.சி. இன்னும் இணைக்கவில்லை, உள்ளே கூட்டமும் கற்பூரப் புகையுமாக வேர்த்துக் கொட்டியது. விமானத்துக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "ஆஹா" என்றார்கள். ஜி.எம். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மற்றவர்களும் இடித்துப் பிடித்து முன்னால் வந்து முகத்தைக் காட்டினார்கள். யாரும் ஆணிப் புள்ளிகளைப் பார்க்கவில்லை, பைலட்டின் கழுத்தைப் பார்க்கவில்லை. ஆனால் தகட்டை இரண்டொருவர் வாய்விட்டுப் படித்தார்கள். எட்வர்ட்டுக்கு அது போதும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைக் கற்பூரப் புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

பொரி பாக்கெட் வாங்க வரிசையில் நின்ற பெண்களில் சுமலதா ஒருத்தி. பேக்கிங் செக்ஷனில் காண்டிராக்ட் வேலை. அதற்கு முன்னால் ஆறு வருஷம் ஒரு ஃபேன் கம்பெனியில் இறக்கை மாட்டிக்கொண்டிருந்தவள். அவள் விமானத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள், பின்னால் போய் ஒரு நிமிஷம் நின்றாள், அப்புறம் எட்வர்ட் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, காத்து மூஞ்சில அடிக்குதுண்ணே."

"விசிறி சுத்துனா காத்து அடிக்காம மழையா பெய்யும்?"

"அதில்லண்ணே. பிளேனு முன்னால போவணும்னா காத்தைப் பின்னாலதானே தள்ளணும்? இது முன்னால தள்ளுது. அப்ப பிளேனு பின்னாலல்ல போவும்?"

எட்வர்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறவள் தனக்கு விமானம் சொல்லித் தருகிறாளா என்று வாய்வரைக்கும் வந்தது. வந்தது வாயிலேயே நின்றுவிட்டது. அவர் வால் பக்கம் போய் உள்ளங்கையை நீட்டினார். ஒரு பொட்டுக் காற்று இல்லை. முன்னால் வந்து நீட்டினார். சட்டைக் கை படபடத்தது. சுவிட்சை அணைத்தார். விசிறி நின்றதும் ஒரு இதழைப் பிடித்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். முறுக்கு மாறியிருந்தது. வலது பக்கம் சாய வேண்டியது இடது பக்கம் சாய்ந்திருந்தது. மூன்றும் அப்படியே, ஒரு மில்லிகிராம் வித்தியாசம் இல்லாமல், மிகச் சரியான தப்பு. கை தன்பாட்டுக்குப் போயிற்று என்று பெருமைப்பட்டாரே, அந்தக் கை முப்பத்தோரு வருஷமாக எப்படிப் போயிற்றோ அப்படித்தான் போயிருந்தது. பேர் திரும்பிப்போன அந்தத் தகடு அப்போது ஞாபகம் வந்தது.

"ஒயரை மாத்திக் குடுண்ணே, காத்து பின்னால போயிடும்" என்றாள் சுமலதா.

"குடுத்தா சுத்தற பக்கம் மாறிடும். நெஜ பிளேனு அந்தப் பக்கம் சுத்தாது."

"அப்ப விசிறி றெக்கையத்தான் வேற செய்யணும்."

"எனக்குத் தெரியும். நீ உன் பொரியை வாங்கிக்கினு போ. இத்தை எவன்கிட்டனா சொன்னே..." என்று முடிக்காமல் விட்டார். சுமலதாவின் முகம் சுண்டிவிட்டது. அவள் வரிசைக்குப் போய்விட்டாள்.

எட்வர்ட்டுக்கு உள்ளே ஒரு குரல் சொன்னது: இந்த முட்டாள் கூட்டத்தில் எவனுக்குத் தெரியப்போகிறது? விட்டுத் தொலை. ஆனால் அவர் பேர் அங்கே இருக்கிறதே. முதல் தடவையாக, நாலு பேர் பார்க்கிற இடத்தில், பின்னால் பறக்கிற விமானத்துக்கு அடியில். நாளைக்கு விவரம் தெரிந்த ஒருவன் வந்து பார்ப்பான். 'செய்தவர்' என்று படிப்பான். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். மற்றவர்களைப் பார்த்துத் தான் சிரித்த அதே சிரிப்பு.

ஜி.எம். அறைக்குப் போனார். "சார், விசிறியில ஒரு சின்ன வேலை பாக்கி. ஊட்டுக்கு எடுத்துக்கினு போய் ஒரு வாரத்துல கொண்டாந்துடறேன்." தப்பு என்ற வார்த்தை மட்டும் நாக்கில் வரவில்லை.

"திங்கட்கிழமை கஸ்டமர் வர்றார்யா. விளையாடறியா? காத்து சூப்பரா வருது, அதைத் தொடாதே. ஏ.சி. வர்ற வரைக்கும் கொஞ்சம் என் ரூம் பக்கமாத் திருப்பி வெச்சுட்டுப் போ."

"அப்ப பேரையாவது எடுத்துடறேன் சார்."

ஜி.எம். சிரித்தார். "அடேங்கப்பா! பேரு பேருன்னு குதிச்சே, இப்ப தன்னடக்கமா? இருக்கட்டும்யா, இருக்கட்டும். மூணு மணிக்கு சால்வையை மறக்காதே."

வாசலில் பூசணிக்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள். எல்லாரும் வெளியே ஓடினார்கள், ஜி.எம். உள்பட. கூடம் காலி. எட்வர்ட் சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற சின்ன ஸ்குரூடிரைவரை எடுத்தார். இரண்டு ஸ்குரூ. தகடு சாப்பாட்டுப் பைக்குள், பொரி பாக்கெட்டுக்கு அடியில் போனது. பேர் இல்லாவிட்டால் எவன் செய்ததோ என்று போய்விடும். சால்வைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு, தகட்டை எங்கேயாவது சாக்கடையில் போட்டுவிட்டு வரலாம் என்று கேட்டுக்கு நடந்தார்.

முப்பத்தோரு வருஷம் அந்தக் கேட்டில் பையைத் திறந்து காட்டின ஆளுக்கு இது மறந்துபோனதுதான் ஆச்சரியம். கம்பெனியில் பித்தளைத் துண்டுகள் காணாமல் போக ஆரம்பித்ததிலிருந்து, சீட்டு இல்லாமல் ஒரு ஆணிகூட வெளியே போகக்கூடாது. அன்புசெல்வன் பைக்குள் கையை விட்டான். பொரியை எடுத்தான். தகட்டை எடுத்தான்.

"இன்னாண்ணே இது, பித்தளை?"

பின்னால் வீட்டுக்குக் கிளம்பினவர்களின் வரிசை நின்றுவிட்டது. பெண்கள் வரிசையில் சுமலதாவும் இருந்தாள். அன்புசெல்வனுக்குத் தலையில் இருக்கிற வீல் ஞாபகம் வந்ததோ என்னவோ, ஒரு வார்த்தையில் விட்டிருக்கலாம், விடவில்லை. ஜி.எம்.முக்கு ஃபோன் போட்டான். ஜி.எம். கையில் லட்டோடு வந்தார்.

"என்ன எட்வர்ட், கடைசி நாள்ல இப்படி? எதுக்கு எடுத்தே? ஒரு காரணம் சொல்லு, நான் விட்டுடறேன். சொல்லலைன்னா ரெஜிஸ்டர்ல திருட்டுன்னு எழுதணும். எழுதினா சான்றிதழ் கிடையாது, சால்வை கிடையாது. ரூல் உனக்குத் தெரியும்."

காரணம் ஒரே வரிதான். நான் விசிறியைத் திருப்பி வெட்டிவிட்டேன். அவ்வளவுதான். அறுபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவரிடம் முட்டாள் பட்டம் வாங்காத ஒரு ஆள் அதில் இல்லை.

"அண்ணே, சொல்லிடுண்ணே" என்றாள் சுமலதா பின்னாலிருந்து.

"நீ வாயை மூடு. பேக்கிங் பண்றவ பேக்கிங்கைப் பாரு" என்று சீறினார் எட்வர்ட். அப்புறம் ஜி.எம். பக்கம் திரும்பித் தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். "திருடிட்டேன். எழுதிக்கோ சார்."

அன்புசெல்வன் எழுதினான்: பித்தளைத் தகடு ஒன்று. எட்வர்ட் கையெழுத்துப் போட்டார். திருடன் என்று சொல்லட்டும், வேலை தெரியாதவன் என்று எவனும் சொல்லவில்லையே என்று அந்த நேரத்தில் அவருக்கு ஒரு திருப்திகூட இருந்தது. மானத்தை எதில் வைப்பது என்று தெரியாத மனுஷன்.

ஜி.எம். லட்டை வாயில் போட்டுக்கொண்டு, அடையாள அட்டையை வாங்கி வைக்கச் சொன்னார். திரும்பிப் போகிற போக்கில் சொன்னார்: "அன்பு, அந்தத் தகடைக் கொண்டுபோய்ப் பழையபடி மாட்டிடு. திங்கட்கிழமை வர்றவர் யார் செஞ்சதுன்னு கேட்பாரு."

எட்வர்ட்டுக்கு இரண்டு நொடி அது விளங்கவில்லை. விளங்கியதும் தொண்டை கிழியக் கத்தினார்.

"சார்! வேணாம் சார்! விசிறி றெக்கை தப்பு சார்! திருப்பி வெட்டிட்டேன் சார், பிளேனு பின்னால போவும் சார்! அதனாலதான் கழட்டினேன் சார், திருடல சார்!"

வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். "கையெழுத்துப் போட்டப்புறம் ஒரு கதையா?" என்றார் ஜி.எம். "நல்லாத்தானேய்யா சுத்துது. நானே முன்னால நின்னு பார்த்தேனே."

"அந்தப் பொண்ணைக் கேளு சார்! அதுக்குத் தெரியும்! அதுதான் மொதல்ல சொல்லிச்சு!"

எல்லாரும் சுமலதாவைப் பார்த்தார்கள். அவள் பொரி பாக்கெட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றாள். "ரெண்டு பத்து டிரெய்னு போயிடும், பையப் பாத்துட்டு வுடுங்க."

பையைப் பார்த்துவிட்டு அவளை விட்டார்கள். அன்புசெல்வன் எட்வர்ட்டின் சட்டைப்பையிலிருந்த ஸ்குரூடிரைவரையே வாங்கிக்கொண்டு கூடத்துக்குள் போனான். தகடு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று ஜி.எம். பக்கத்தில் குனிந்து நின்று பார்த்துக்கொண்டார்.